திருப்புளி முனையில் ஒளிந்திருக்கும் காசு

மிக்ஸியின் அடியில் நான்கு திருகுகள். மூன்று கழன்றுவிட்டன. நான்காவதில் திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினேன், வழுக்கியது. மூன்றாவது முறை வழுக்கியபின் குனிந்து பார்த்தால், திருகின் தலையில் இருந்த கூட்டல் குறி வட்டக் குழியாகியிருந்தது. திருப்புளியின் முனையோ மழுங்கின பென்சில் மாதிரி. நடைபாதைக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது. அந்த ஒற்றைத் திருகை டிரில் போட்டு எடுக்க ஆன கூலி 150 ரூபாய். எடுத்துக் கொடுத்த மெக்கானிக் என் திருப்புளியை வாங்கி, அரத்தால் முனையில் ஒரு இழு இழுத்தார். பளபளவென்று தூள் கொட்டியது. "இதுல துவைச்சலே இல்ல சார்" என்றார்.

துவைச்சல் என்பது கொல்லுப்பட்டறைச் சொல். காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ முக்கி உரமேற்றுவது. தோய்ச்சல் என்றும் சொல்வார்கள். நல்ல கருவிக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த ஒரு வேலைக்குத்தான் போகிறது என்பது என் கட்சி. கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்த முனை படும் பாட்டைப் பார்ப்போம். கைப்பிடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால், கை பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர். கீழே முனை திருகைத் தொடுமிடமோ மையத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதனால் கை கொடுக்கும் விசை அங்கே போய்ச் சேரும்போது ஐந்தாறு மடங்காகிவிடுகிறது. அத்தனையையும் தாங்குவது அரிசிமணியைவிடச் சிறிய நான்கு விளிம்புகள். போதாக்குறைக்கு, கூட்டல் குறித் திருகின் குழி உள்ளே சரிவாக இருக்கும். முனை கொஞ்சம் உருண்டு மழுங்கினாலும் அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். வரும்போது குழியையும் சுரண்டிக்கொண்டு வரும்.

அந்த விளிம்பு உருளாமல் இருக்க உள்ளே என்ன நடக்க வேண்டும்? கருவி செய்யும் எஃகு என்பது கொஞ்சம் கார்பன் கலந்த இரும்புதான். இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பநிலையில் கனசதுரமாக அடுக்கப்பட்டிருக்கும்: எட்டு மூலையிலும் ஒவ்வொன்று, நட்டநடுவில் ஒன்று. இந்த அடுக்கில் கார்பனுக்குக் கிட்டத்தட்ட இடமே கிடையாது. மிஞ்சிப் போனால் 0.02 சதவீதம். எஃகைச் செக்கச்செவேலென்று, 800 டிகிரி செல்சியஸ் பக்கம் காய்ச்சினால் அடுக்கே மாறிவிடுகிறது. அணுக்கள் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் போய் உட்காருகின்றன. இப்போது இடுக்குகள் அகலம். கார்பன் தாராளமாகக் கரைந்து உள்ளே போகும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் விலகி, இரும்போடு சேர்ந்து தனிப்படலங்களாகப் பிரிந்துவிடும். சட்டென்று முக்கினால் விலக நேரமில்லை. அடுக்கு பழையபடி சுருங்கப் பார்க்க, கார்பன் நடுவில் மாட்டிக்கொள்ள, கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு கோணிப்போகிறது. கோணிய அடுக்கில் அணுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாது. வழுக்காத உலோகம் நசுங்காது, தேயாது. இந்த நிலைக்கு ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். (பெயர்தான் புதிது. வேலை பழசு. மீட்கவே முடியாத கோட்டைக்கு, காய்ந்த இரும்பு குடித்த நீரை உவமை சொன்ன சங்கப் புலவர் எந்தப் பட்டறை வாசலில் நின்று பார்த்தாரோ!)

மாட்டிக்கொள்ளக் கார்பன் இருக்க வேண்டும் அல்லவா? ஜன்னல் கம்பி, கேட்டு செய்யும் சாதா இரும்பில் அது 0.25 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதை எத்தனை முறை முக்கினாலும் பெரிதாக உரமேறாது. நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாளுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடுவது சிக்கனத்துக்காக மட்டுமில்லை. அதில் அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் உண்டு.

முக்கியதோடு வேலை முடியவில்லை. அந்த நிலையில் எஃகு கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்து மினுக்கிய எஃகைச் சூடேற்றினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படர்ந்து நிறம் காட்டும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி பக்கம் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினம் கூடுதல், நீலத்துக்கு விட்டால் வளைந்துகொடுக்கும் குணம் கூடுதல். தேர்ந்த கொல்லர் அந்த நிறம் விளிம்புக்கு ஓடிவரும் கணத்தில் மறுபடி நீரில் வைத்துவிடுவார். ஒரு சில விநாடி தவறினால் போச்சு.

தொழிற்சாலையில் இதே வேலையை உலை செய்கிறது. ஆயிரம் திருப்புளிகளுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம்; பிறகு கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவியில் வைரக் கூம்பை அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, தேறாததை ஒதுக்குவது. இந்த அளவையில் நல்ல திருப்புளி முனை 55-ஐ ஒட்டி நிற்கும், ஸ்பேனர் 40-களில், அரம் 60-க்கு மேல். மலிவுக் கருவியில் செலவுக்கு முதலில் வெட்டு விழுவது இந்த இடத்தில்தான். அதன்மேல் குரோம் பூசிவிட்டால் கடைக் கண்ணாடிக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருந்தாலும் அது உலோகக் கலவையின் பெயர்தானே தவிர, உரமேற்றியதற்குச் சாட்சி இல்லை. அரம்தான் சாட்சி. சாதா இரும்பை அது கடித்துச் சீவும். நன்றாக உரமேறிய முனையில் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரர் அனுமதிக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

சமையலறைக் கத்திக்கு அரம் வேண்டாம், காந்தம் போதும். நம் எவர்சில்வர் பாத்திரங்களில் பலவும் வெப்பத்தால் உரமேறாத வகை எஃகு. காந்தம் அதில் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். பாத்திரத்துக்கு அது அருமையான உலோகம். கத்திக்கு ஆகாது. காந்தம் பிடிக்காத எவர்சில்வர் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் தக்காளித் தோலில் வழுக்கும். பிடித்தால் மட்டும் நல்லது என்று சொல்ல முடியாது. உரமேற வாய்ப்புள்ள எஃகு என்று மட்டும் தெரியும்.

ஆனால் கத்தியில் விலை ஏற ஏறப் பயன் ஏறிக்கொண்டே போகாது. ராக்வெல் அளவையில் 60-ஐத் தாண்டிய ஜப்பானியக் கத்தி மீனைக் காகிதம் போலச் சீவும். அதே கத்தியால் ஆட்டெலும்பைத் தட்டினால் விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். நம் சமையலுக்கு 55 வாக்கில் நிற்கும், சில நூறு ரூபாய்க் கத்தியும் ஒரு தீட்டுக்கல்லும் போதும். சாணை பிடிக்கக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் கத்தியின் உரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி நீர் தொட்டுத் தீட்டச் சொல்லலாம். ஆயிரம் ரூபாய்க் கத்தியை அரை நிமிடத்தில் நூறு ரூபாய்க் கத்தியாக்கிவிட முடியும்.

வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாமானுக்கு மலிவே சரி. சுத்தியலில் மட்டும் பேரம் பேசாதீர்கள். முகம் அளவுக்கு மீறிக் கடினமாகிப்போன சுத்தியல், உளியில் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணுக்கு வரும். அங்கே சேதம் திருகோடு நிற்காது.

அந்த 40 ரூபாய்த் திருப்புளியை நான் தூக்கிப்போடவில்லை. பெயின்ட் டப்பா மூடியை நெம்பித் திறக்க அதைவிட நல்லது எங்கள் வீட்டில் இல்லை. உடையாமல் வளைகிறது, திருப்பிப் போட்டுத் தட்டினால் நிமிர்ந்துகொள்கிறது.