ஷெல்: ஓடா, கூடா, எறிகணையா?

முட்டையின் மேலுறை, பீரங்கிக் குண்டு, அணுவிலுள்ள எலக்ட்ரான் அடுக்கு, கணினியில் கட்டளை வாங்கும் நிரல் ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் ‘ஷெல்’ என்கிறது. பிளத்தல், பிரித்தல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இச்சொல் வந்தது. மீன் செதிலைக் குறிக்கும் ‘ஸ்கேல்’ இதன் உறவுச்சொல்லாகும். உள்ளிருப்பதிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க மேலுறை என்பதே இதன் முதற்பொருள்.

அம்முதற்பொருளுக்குத் தமிழில் ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. முட்டைக்கும் ஆமைக்கும் நத்தைக்கும் ஓடு. தேங்காய்க்கு ஊருக்கேற்பச் சிரட்டை அல்லது கொட்டாங்கச்சி. கடலில் கிடைப்பவற்றுக்குச் சிப்பி, சங்கு, சோழி, கிளிஞ்சல் என இனத்துக்கொரு பெயர் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டுக் ‘கடல் ஓடு’ என மொழிபெயர்ப்பது இருக்கும் சொல்வளத்தை இழப்பதாகும். மார்கஸ் சாமுவேல் 1897இல் தம் எண்ணெய் நிறுவனத்துக்கு ஷெல் எனப் பெயரிட்டதும் இந்தக் கடற்சிப்பியை வைத்துத்தான். அவருடைய தந்தை லண்டனில் சிப்பி வாணிகம் செய்தவர்.

போர்க்கருவியைக் குறிக்கும்போது பொருள் உறையிலிருந்து உட்குழிவுக்கு நகர்கிறது. முழு இரும்பாலான பழைய குண்டிலிருந்து, உள்ளே வெடிமருந்து நிரப்பிய குண்டை வேறுபடுத்தவே அதனை ஷெல் என்றனர். இலங்கைப் போரின்போது ‘ஷெல்லடி’ என்று மக்கள் வாயில் வழங்கிய இதனை, ஈழத்து எழுத்துத் தமிழ் ‘எறிகணை’ ஆக்கியது. கணை என்பது அம்பு. உறை என்னும் கருத்தை முற்றிலும் கைவிட்டு, எறியப்படுவது என்னும் செயலைப் பற்றிக்கொண்ட இவ்வாக்கம் மூலச்சொல்லை விடவும் தெளிவானது என்றே கருதுகிறேன்.

அணுவியலில் நிலைபெற்றுள்ள ‘கூடு’ம் பொருத்தமானதே. உள்ளிருந்து வெளியே முறையே அதிகபட்சம் 2, 8, 18, 32 என எலக்ட்ரான்கள் அமையும் அவ்விடங்களில் கெட்டியான மேற்பரப்பு ஏதுமில்லை. அவை உறைவிடங்கள் மட்டுமே.

கணினித்துறையில் 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளப் பணியின்போது பிரெஞ்சுக் கணினி அறிஞர் லூயி பூசென் இப்பெயரைச் சூட்டினார். இயங்குதளத்தின் மையமான ‘கெர்னல்’ என்பதற்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது பொருளாதலால், அதைச் சூழ்ந்து நின்று பயனரின் கட்டளையை உள்ளே சேர்ப்பதற்கு ஓடு என்பதே இயல்பான இணை. ஆயினும் தமிழில் ‘ஓடு’ ஏவல் வினையும் ஆகும். நிரலை ஓடச் செய்யும் இடத்தில் அது மயக்கம் தரும். ஆகவே இங்கு ‘மேலோடு’ என்பதே தகும்.

நாளிதழ்கள் ‘ஷெல் கம்பெனி’யைப் போலி நிறுவனம் என எழுதுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. அத்தகைய நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றிருக்கலாம், சட்டப்படி நடக்கவும் செய்யலாம். குறிப்பிடத்தக்க தொழிலோ சொத்தோ அதனுள் இல்லை என்பதே செய்தி. போலி என்றால் விசாரணைக்கு முன்பே குற்றம் சுமத்தியதாகிவிடும். ‘வெற்று நிறுவனம்’ என்பது சுருக்கமாகவும் நடுநிலையாகவும் அப்பொருளைத் தரும்.