டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் டிவி வாங்கினால், பொருத்த வருகிற தம்பி அதைச் சுவரில் மாட்டிய கையோடு கேட்பது "அக்கா, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்றுதான். நாமும் சொல்லிவிடுகிறோம். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வரும், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற கட்டத்தில் ரிமோட்டை ஒரு அமத்து, வேலை முடிந்தது. அந்த அமத்தில் நாம் எதற்குச் சம்மதித்தோம் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

இப்போதைய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் ஏசிஆர் என்றொரு வசதி இருக்கிறது. திரையில் என்ன ஓடுகிறது என்று டிவியே கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. ஓடுகிற படத்தில் அங்கங்கே சில புள்ளிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து, அந்த அளவுகளைச் சின்ன எண் வரிசையாகச் சுருக்கும். அந்தப் படத்தின் கைரேகை அது. சேர்வருக்குப் போவது அந்த எண்கள்தான், படம் போவதில்லை. அங்கே படங்கள், சீரியல்கள், விளம்பரங்களின் கைரேகைகளை முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஃபிரேம் பொருந்தினால் மட்டும் போதாது, வெறும் கறுப்புத் திரை எந்தப் படத்திலும் வரும்தானே, ஆனால் அடுத்தடுத்து வருகிற வரிசை பொருந்திவிட்டால் என்ன நிகழ்ச்சி, அதில் எந்த இடம் என்பதுவரை தெரிந்துவிடும். எண்கள் மட்டும் போவதால் டேட்டாவும் மிகக் குறைவாகத்தான் செலவாகும், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

லண்டன் யூசிஎல், கலிபோர்னியாவின் டேவிஸ், மட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளின் இணையப் போக்குவரத்தை ஆராய்ந்தார்கள். எல்ஜி 10 மில்லி செக்கனுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து 15 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புகிறது. சாம்சங் 500 மில்லி செக்கனுக்கு ஒருமுறை எடுத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்களுக்குள் இருக்கும்போது அந்தப் போக்குவரத்தைக் காணவில்லை. ஆனால் எச்டிஎம்ஐ வயரில் லெப்டொப்பைச் செருகி டிவியை வெறும் திரையாகப் பாவித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது! என்னை உலுக்கியது இதுதான். நம் வீட்டுக் கலியாண வீடியோவுக்கு அங்கே பொருத்தம் கிடைக்காது, சரி, அதற்காக அதை அளந்து அனுப்ப யாருக்கு உரிமை?

இந்தத் தரவு எங்கே போகிறது என்பதற்கு விசியோ என்ற டிவிக் கம்பனி மீதான வழக்கு நல்ல சாட்சி. 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து செக்கன் செக்கனாக, சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் தரவு எடுத்து விற்றதாக அமெரிக்காவில் தொடுத்த வழக்கை முடிக்க, அந்தக் கம்பனி 2017 பெப்ரவரியில் 22 லட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை வைத்து, வயது, ஆண் பெண், வருமானம் என்று வீட்டு விவரங்களையும் அந்தத் தரவோடு சேர்க்க வழி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரே ரவுட்டரில் இருக்கிற டிவிக்கும் போனுக்கும் வெளியே தெரிகிற ஐபி முகவரி பொதுவாக ஒன்றுதான், அதனால் டிவியில் பார்த்ததற்கு ஏற்ற விளம்பரத்தைப் போனுக்கு அனுப்பவும் முடியும்.

செட்டிங்ஸில் இதை நிறுத்தலாம், அந்த ஆய்வில் நிறுத்திய பிறகு போக்குவரத்து நின்றும்விட்டது. எல்ஜியில் லைவ் ப்ளஸ், சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சேர்விசஸ் என்று தேட வேண்டும். ஆனாலும் இணையமே இல்லாத டிவியைத்தான் நான் நம்புவேன். வெளியே போகப் பாதை இல்லாவிட்டால் உள்ளே என்ன அளந்தாலும் நமக்குக் கவலையில்லை.

புறக்கோட்டையில் 32 அங்குலத்துக்கு உட்பட்ட சாதாரண எல்இடி டிவிகளைக் கேட்டுப் பாருங்கள். பெரிய அளவென்றால் அநேகமாக எல்லாமே ஸ்மார்ட்தான். அதையே வாங்கி இணையத்தில் சேர்க்காமல் விடலாம், ஆனால் கடையிலேயே சோதிக்க வேண்டும். வைஃபை இல்லாமல் முதல் செட்டப்பைத் தாண்ட முடிகிறதா? கூகுள் டிவி மென்பொருளில் ஓடுகிற டிவிகளில் பேசிக் டிவி என்றொரு தெரிவு அதற்காகவே இருக்கிறது. அப்புறம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லுங்கள். நேரே அன்டெனாவுக்கோ எச்டிஎம்ஐக்கோ வருகிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் இணையம் கேட்டு நச்சரிக்கிறதா என்று பாருங்கள். நச்சரித்தால் வேண்டாம், எப்படியும் ஒருநாள் பிள்ளைகள் பாஸ்வேர்டைப் போட்டுவிடுவார்கள். மென்பொருள் அப்டேட்டை யூஎஸ்பியில் போட முடியுமா என்றும் கேளுங்கள்.

அன்டெனாவில் வருகிற வசந்தம், சக்தி அலைவரிசைகளுக்கு இணையம் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் வேண்டுமென்றால் லெப்டொப்பையோ, இணையத்தில் படம் காட்டுகிற வெளிப்பெட்டியையோ எச்டிஎம்ஐயில் செருகுங்கள். பெட்டி தன்னில் ஓடுவதை அறியும், ஆனால் பக்கத்து எச்டிஎம்ஐயில் ஓடுவது அதற்குத் தெரியாது. அந்த வயர் வழியாகவே டிவி இணையத்துக்குப் போய்விடாதா என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அதற்கு இடம் வைத்ததுதான், ஆனால் அதைப் பாவிக்கிற கருவிகள் கிட்டத்தட்ட இல்லை.

ஏற்கெனவே பாஸ்வேர்ட் கொடுத்தாயிற்றா? டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து, வைஃபை கேட்கும் இடத்தில் தாண்டிப் போங்கள். பிறகு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் டிவியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அங்கேயே தடுத்துவிடலாம்.