தலைப்பிள்ளைக்குப் பின் பிரியும் கோடுகள்

ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு சம்பளம் கொடுப்பதை அமெரிக்கா 1963-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. ஆயினும் அங்கும், பெண்கள் படிப்பில் ஆண்களை முந்திவிட்ட மற்ற பணக்கார நாடுகளிலும், ஊதிய இடைவெளி மறையவில்லை. அந்த இடைவெளி எப்போது திறக்கிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

பொருளியலாளர் ஹென்ரிக் கிளேவனும் அவருடன் வேறு இரு பொருளியலாளர்களும் டென்மார்க் அரசின் 1980 முதல் 2013 வரையிலான வருமானப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் முதல் குழந்தை பிறந்த ஆண்டைச் சுழியாக வைத்து, முன்னும் பின்னும் உள்ள வருமானத்தைக் கோடாக வரைந்தார்கள். சுழிக்கு முன்பு ஆணின் கோடும் பெண்ணின் கோடும் இணையாகவே செல்கின்றன. சுழியில் பெண்ணின் கோடு சட்டென்று விழுகிறது. ஆணின் கோட்டில் சலனமே இல்லை. பல ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ 20 விழுக்காட்டு இழப்பு அப்படியே நிற்கிறது. வேலையை விடுவது, வேலை நேரத்தைக் குறைப்பது, மணிக்கூலி குறைந்த இடத்துக்கு மாறுவது ஆகிய மூன்றுக்கும் அதில் ஏறக்குறைய சம பங்கு உண்டு. அரசு மானியத்தில் குழந்தைக் காப்பகங்கள் பரவலாக நடக்கும் நாட்டின் கதை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரசவமும் தாய்ப்பாலும்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தத்தெடுத்த தாய்மாரின் இழப்பும் நாளடைவில் பெற்ற தாய்மாரின் இழப்புக்கு நிகராகவே வந்து நிற்கிறது. வேலைக்குக் குறைவாகச் சென்ற தாயிடம் வளர்ந்த மகள்களுக்கு இழப்பு அதிகம் என்பதும் அதே பதிவுகளில் தெரிகிறது. உடற்கூற்றைவிட வீட்டுப் பழக்கத்துக்கு வலு அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

பழக்கம் பாதிக் கதைதான். மீதிப் பாதி வேலையின் அமைப்பில் இருக்கிறது. 2023-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அதைப் ‘பேராசை பிடித்த வேலை’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார். கணவன், மனைவி இருவரும் வழக்கறிஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் வேலையில் மாதம் 1 லட்சம்; நள்ளிரவில் கட்சிக்காரர் அழைத்தாலும் எடுத்துப் பேச வேண்டிய வேலையில், நேரம் ஒன்றரை மடங்குதான் என்றாலும், சம்பளம் 2 லட்சம். பள்ளியிலிருந்து ‘குழந்தைக்குக் காய்ச்சல், அழைத்துப் போங்கள்’ என்று தொலைபேசி வந்தால் யாராவது ஒருவர் எழுந்து ஓட வேண்டும். ஆகவே இருவருமே இரண்டாம் வகை வேலையில் இருக்க முடியாது. இருவரும் முதல் வகையில் இருந்தால் வீட்டுக்கு 2 லட்சம், ஆளுக்கொரு வகையில் இருந்தால் 3 லட்சம். சமத்துவத்துக்கு மாதம் 1 லட்சம் விலை கொடுக்க எத்தனை குடும்பங்கள் முன்வரும்? விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியாக இருப்பதற்குத்தான் பழக்கம் காரணம். ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியை உண்டாக்குவது அந்தச் சம்பள ஏணி. முதலாளிகளின் பாரபட்சம் இல்லாமல் போய்விடவில்லை; ஆனால் அதை முற்றிலும் ஒழித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாறிய தொழில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் முன்பு மருந்துக்கடை என்றால் கடைக்காரரே மருந்தாளுநர்; எந்நேரமும் அவரே இருந்தாக வேண்டும். பிறகு பெரிய தொடர்க்கடைகளும் மருத்துவமனைகளும் வேலை தரத் தொடங்கின, மருந்துகள் ஒரே தரத்தில் ஆலையிலிருந்து வந்தன, நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. இன்று காலையில் மருந்து கொடுத்தவர் போய் மாலையில் வேறொருவர் வந்தாலும், திரையைப் பார்த்தே முந்தைய மருந்துகளைத் தெரிந்துகொண்டு சீட்டில் உள்ள மருந்தைக் கொடுத்துவிடுகிறார். ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிவதால், நீண்ட நேரம் நிற்பவருக்குத் தனி விலை இல்லை. பகுதிநேரமாக வேலை செய்பவரின் மணிக்கூலியும் பெரிதாகக் குறைவதில்லை. இன்று அங்குள்ள மருந்தாளுநர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.