டெர்மினல் – முனையம்

"டெர்மினல்ல கேம் ஆடிக்கிட்டு இருக்கேன், பாட்டி" என்றான் அக்காள் மகன். அடுப்படியில் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டார். "சுங்கை நிபோங்குக்கா போற? இந்த மழையிலயா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பினாங்குத் தீவில் டெர்மினல் என்றால் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறுகிற சுங்கை நிபோங்தான். கோலாலம்பூரில் கேட்டால் பண்டார் தாசேக் செலாத்தானைக் கை காட்டுவார்கள். பையனோ சோபாவை விட்டு அசையவில்லை. மடியில் லேப்டாப், திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற கறுப்பு ஜன்னல், அதில் எழுத்துகளாலேயே ஆன ஒரு போர். சாய்கோடும் சிறுகோடும் சேர்ந்தால் அவனுடைய பீரங்கி. மேலிருந்து வரிசை கட்டி இறங்கும் எதிரிகளும் இப்படித்தான், நாம் தட்டச்சு செய்யும் குறிகள். படம் என்று ஒன்றுமே கிடையாது. ஸ்பேஸ் விசையைத் தட்டினால் குண்டு பறக்கும். ஆட்டத்தின் பெயர் என்இன்வேடர்ஸ். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸின் எழுத்து வடிவம்.

பஸ் நிற்கிற இடத்துக்கும் இந்தக் கறுப்பு ஜன்னலுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

மூலம் லத்தீன். டெர்மினுஸ் என்றால் எல்லை, எல்லைக்கல். ரோமானியர்கள் அந்தப் பெயரில் ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள். பிப்ரவரி 23 அதற்குத் திருவிழா. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் எல்லைக்கல்லுக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்து ஓரத்தில் முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்தவர்கள் நாம். ரோமாபுரியிலும் ஓர் எல்லைச்சாமி இருந்திருக்கிறார், அவ்வளவுதான். (முனீஸ்வரனின் 'முனி' வேறு, கீழே வரப்போகும் 'முனை' வேறு. இரண்டையும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது, போடக் கூடாது.)

எல்லைக்கல்லிலிருந்து ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்கு அந்தச் சொல் போனது. மின்சாரம் வந்ததும் கம்பி இணையும் நுனிக்கும் அதுவே பெயர். கார் பேட்டரியில் பூஞ்சணம் மாதிரிப் பூக்கிறதே, அந்த டெர்மினல். பிறகு பெரிய கணினி ஓர் அறையிலும் அதைப் பயன்படுத்துகிறவர் வேறோர் அறையிலும் இருந்த காலம். கணினியிலிருந்து வரும் கம்பியின் இந்தப் பக்கத்து நுனியில் விசைப்பலகையோடு ஒரு கருவி இருக்கும். அதுவும் டெர்மினல் ஆனது.

முதலில் வந்தவை காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் கருவிகள். அவற்றில் இந்தச் சுடும் ஆட்டம் நடக்காது. அச்சான எழுத்தை அழித்துப் பக்கத்தில் நகர்த்த முடியாதே! திரை வந்த பிறகுதான் வழி பிறந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி100 என்ற திரை டெர்மினல் வந்ததும் அதே 1978இல்தான். 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 1920 கட்டம். இந்தக் கட்டத்துக்குப் போ, அந்த எழுத்தை அழி, பக்கத்தில் எழுது என்று கணினி அதற்குக் கட்டளை அனுப்பலாம். எதிரி நகர்கிறான் என்று நாம் பார்ப்பது, ஒரு கட்டத்தில் அழித்து அடுத்த கட்டத்தில் எழுதுவதைத்தான். இன்றைக்கு அந்தக் கருவியும் இல்லை, கம்பியும் இல்லை. லேப்டாப் ஜன்னல் ஒன்று அந்தப் பழைய கருவியைப் போல வேஷம் கட்டுகிறது.

சரி, தமிழில் என்ன? முனையம். நிலை என்பதிலிருந்து நிலையம் வந்ததைப் போல முனையிலிருந்து முனையம். பேருந்து முனையம், விமான முனையம் என்கிறார்கள், கணினியிலும் அதுவே. சிலர் முடிவிடம் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. சுங்கை நிபோங்கில் எதுவும் முடிவதில்லை, அங்கேதான் பஸ் கிளம்புகிறது. முனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு கயிற்றுக்கு இரண்டு முனை, எதிலிருந்தும் தொடங்கலாம். பேட்டரிக்கு நேர்முனை, எதிர்முனை என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். ஊசிமுனை, தெருமுனை, குமரிமுனை என்று அந்தச் சொல் எங்கும் கிடக்கிறது. பினாங்கின் ஜார்ஜ்டவுனைப் பெரியவர்கள் இன்னும் தஞ்சோங் என்றுதான் சொல்கிறார்கள். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய தஞ்சோங் பெனாகாவின் மிச்சம் அந்தப் பெயர். மலாயில் தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. டெர்மினலுக்குத் தமிழ் தேடி அலைந்த எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

லத்தீன் சொல்லில் இல்லாத ஒன்றும் முனையில் இருக்கிறது. பழந்தமிழில் முனை என்றால் போர்க்களம், இரு படைகளும் நேருக்கு நேர் நிற்கும் இடம். போர்முனை என்று இன்றும் செய்தியில் வருகிறது. அறுபத்து மூவரில் முனையடுவார் என்று ஒருவர் உண்டு, திருநீடூர்க்காரர். முனையில் அடுபவர், அதாவது போர்க்களத்தில் எதிரியை அழிப்பவர் என்று பொருள். தோற்றவர்களுக்காகக் கூலிக்குப் போர் செய்து, அந்தப் பொருளை அடியார்களுக்குக் கொடுத்தவர். அவர் காசு வாங்கிக்கொண்டு போர் செய்தார். ஆர்கேட் என்ற விளையாட்டுக் கூடத்தில் நாம் காசு போட்டுப் போர் செய்தோம். ஆக, முனையத்தில் சுடும் ஆட்டம் என்று சொன்னால் கருவியும் களமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

இதைச் சொன்னதும் பையனுக்கு உற்சாகம். நிரலைத் திறந்து எதிரிகளைத் தமிழ் எழுத்தாக மாற்றினான். முதலில் 'கொ' போட்டான். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது முனையத்தின் கணக்கு. கொம்பும் காலுமாக இரு பக்கமும் பிதுங்கும் எழுத்தை அது என்ன செய்யும்? கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று வரிசையே சிதறிப்போனது. அப்புறம் 'ஃ' போட்டான். ஒட்டும் இல்லை, உறவும் இல்லாத எழுத்து. வரிசை வரிசையாக அத்தனை ஆய்தமும் ஒழுங்காக இறங்க ஆரம்பித்தன.

"என்னடா இது, ஆய்தமா வருது?" என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதை அமுக்குங்க பாட்டி, சுடும்."

மூன்றைச் சுட்டுவிட்டுத்தான் அடுப்பு ஞாபகம் வந்து உள்ளே ஓடினார்.