நம்ம வீட்டைத் தேடி யார் வரப்போறா?

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், ஹட்டனில் வழக்கமான மழை. கடையைப் பூட்டப்போகும் நேரத்தில் ஒரு டியூஷன் சேர் உரப்பையில் சுற்றிய சிபியூவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஃபைல் ஒன்னுமே தொறக்க மாட்டேங்குது தம்பி" என்றார்.

போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத ஒரு வால். டெஸ்க்டொப்பில் ஒரு நோட்பேட் கடிதம்: பிட்கொயினில் காசு கட்டு, சாவி தருகிறோம். பதினொரு வருட வினாத்தாள்கள். சாதாரண தரக் கணிதம், கேத்திரகணிதப் படங்கள் எல்லாம் அவரே கோடு கோடாக வரைந்தவை. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அதே கணினியில், டி டிரைவில். அங்கேயும் வால் முளைத்திருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்கவே தேவையில்லை. ஏப்ரலுக்குப் பிறகு இது எனக்கு நான்காவது. பிள்ளைகள் வினாத்தாளை டவுன்லோட் செய்ய ஒரு வெப்சைட் வேண்டும். வீட்டில்தான் ஃபைபர் இருக்கிறதே, ஹோஸ்டிங்குக்கு எதற்குக் காசு என்று அக்கா மகன் வீட்டுக் கணினியையே வெப் சேர்வராக்கும் ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் சைட் வரவில்லை. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு ரௌட்டரில் டிஎம்ஸெட்டை ஒன் செய்தான். வந்துவிட்டது. டிஎம்ஸெட் பற்றி இங்கே நான் பாடம் எடுக்கப்போவதில்லை. வெளியிலிருந்து தட்டுகிற எல்லாரையும் ரௌட்டர் தடுக்காமல் அந்தக் கணினிக்கே அனுப்பிவிடும். வாசல் கதவைக் கழற்றி விறகுக்கு வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கணினியில், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப்பும் திறந்திருந்தது. பாஸ்வேர்ட், அவர் கற்பிக்கும் பாடத்தின் பெயரும் 123ம்.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. சேர் சொன்ன ஒரு வார்த்தைதான் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான்கு பேரும் சொல்லிவைத்ததுபோல அதையேதான் சொன்னார்கள்: "இந்தத் தோட்டத்துக்குள்ள இருக்கிற நம்ம வீட்டைத் தேடி யார் தம்பி வரப்போறா?"

ஐயா, யாரும் உங்களைத் தேடி வரவில்லை. இதை எத்தனை தடவை சொல்வது? லயத்து வரிசை வீடுகளில் ராத்திரி வருகிற திருடனுக்கு எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார் என்று தெரியவேண்டியதில்லை. முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுவரை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவான். எது தாழ் போடாமல் கிடக்கிறதோ அது அவனுடையது. இணையத்திலும் அதே வேலைதான். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் வீட்டு இலக்கம்போல ஓர் ஐபி முகவரி உண்டு. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. கேட்கப் பெரிய எண். ஆனால் 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினி, ஒரு கிகாபிட் இணைப்பு. உலகத்தின் எல்லா முகவரிகளிலும் ஒரு போர்ட்டை, அதாவது இலக்கமிட்ட ஒரு வாசலை, தட்டிப் பார்க்க 45 நிமிடம்கூட ஆகவில்லை. ஹட்டனில் ஏறிய பஸ் நுவரெலியா போய்ச் சேருவதற்குள் உலகத்தை இரண்டு சுற்று சுற்றிவிடலாம். அதற்கு முன்பே, 2009 முதல், எந்த முகவரியில் என்ன திறந்து கிடக்கிறது என்று பட்டியல் போட்டு வைப்பதையே தொழிலாகச் செய்கிறது ஷோடான் என்ற தேடுதளம். உங்கள் ஐபி முகவரியைப் போட்டுத் தேடினால் பல நேரம் ஊர் கொழும்பு என்றுதான் காட்டும். தட்டுகிறவனுக்கு நீங்கள் டிக்கோயாவா, கொள்ளுப்பிட்டியா என்று தெரியாது. தெரிந்தும் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம்பாதவர்களுக்காகக் கடையில் ஒரு வேலை செய்தேன். பழைய லெப்டொப் ஒன்றில் 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லுள்ள பக்கத்தைப் போட்டு, வெப் பக்கங்களுக்கான 80ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டேன். முகவரியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பின்னேரம் 6.10க்குத் திறந்தது, 6.16க்கு முதல் தட்டல். காலையில் வந்து, யார் என்ன கேட்டார்கள் என்று கணினி எழுதிவைக்கும் பதிவான லொக்கைப் பார்த்தால் பக்கம் பக்கமாக நீள்கிறது. நான் போடாத வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளின் லொகின் பக்கத்தை ஒருவன் கேட்கிறான். டேட்டாபேஸை நிர்வகிக்கும், என்னிடம் இல்லாத பிஎச்பிமைஅட்மினை ஒருவன் எட்டு விதமான எழுத்தில் கேட்கிறான். பாஸ்வேர்ட் எழுதிவைக்கும் கோப்பு மறதியாகக் கிடக்கிறதா என்று ஒருவன். ஏதோ ஒரு கம்பனி ரௌட்டரின் அட்மின் பக்கத்தை ஒருவன். 'வணக்கம்' சொன்னதற்குப் பதில் வணக்கம் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அந்த லொக்கை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் படிக்கட்டும்.

"எங்க சைட்டில பூட்டுப் படம் வருது, அது சேஃப்தானே" என்று இன்னொரு கூட்டம். அந்தப் பூட்டு, போகிற வழியில் யாரும் எட்டிப்பார்க்காமல் இருக்க. வீட்டுக்குள் வருகிறவனை அது தடுக்காது. இன்னொன்றும் கேளுங்கள்: லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவையில் அந்தப் பூட்டுக்கான இலவசச் சான்றிதழ் எடுத்த உடனேயே உங்கள் டொமைன் பெயர் உலகத்தில் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் தானியங்கி நிரல்கள் (பொட்கள்) உண்டு. யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்பதற்கு அர்த்தமே இல்லை.

ஸாம்ப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்தவர்களே அது எழுதிப் பழகுவதற்கு, வெளியே திறந்துவைக்க அல்ல என்றுதான் சொல்கிறார்கள். போட்டவுடன் டேட்டாபேஸின் தலைமைக் கணக்கான ரூட்டுக்குப் பாஸ்வேர்டே இருக்காது. 2024 ஜூனில் வெப்சைட்களை எழுதும் பிஎச்பி மொழியின் விண்டோஸ் பதிப்பில் ஒரு ஓட்டை வெளிவந்தது, ஸாம்ப் அதில் நேராகச் சிக்கியது. முதலில் உறுதியானது சீன, ஜப்பானிய மொழி விண்டோஸில்தான். திருத்தம் வெளியாகி ஓரிரு நாட்களிலேயே கப்பம் கேட்கும் கும்பல் ஒன்று அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. ஓரிரு நாள்! நம் ஆட்கள் விண்டோஸ் அப்டேட்டையே "டேட்டா போகுது" என்று மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள்.

எல்லாருக்கும் கப்பக் கடிதம் வருவதில்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர், மாதம் பிறந்து ஒன்பதாம் திகதியே டேட்டா முடிந்துவிடுகிறது என்று நெட் கம்பனியைத் திட்டிக்கொண்டே வந்தார். புக்கிங் பக்கத்தை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடவிட்டிருந்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக் கமராக்களின் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியையும் போனில் பார்ப்பதற்காக வெளியே திறந்துவிட்டிருந்தார். பாஸ்வேர்ட், பெட்டியில் வந்தபோது இருந்ததே. அந்தப் பெட்டி இரவு பகலாக யாரையோ தாக்கிக்கொண்டிருந்தது. 2016இல் மிராய் என்ற நிரல் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கம்பனிப் பாஸ்வேர்ட்களை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21இல் அமெரிக்காவில் டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறியதற்கு அந்தப் பெட்டிகள்தான் காரணம்.

அப்புறம், நம் மலைக்கென்று ஒரு தொல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானம் தாண்டினால் இடிதான். இடி விழுந்த மறுநாள் காலை கடை வாசலில் ரௌட்டர்கள் வரிசையில் நிற்கும். செம்புக் கம்பி இணைப்பு உள்ள வீடுகளில், தேயிலை மலையைக் கடந்து தூண் தூணாக வரும் அந்தக் கம்பியே இடியை உள்ளே கூட்டி வரும். கழற்றினால் கருகிய வாடை, கேபிள் செருகும் லேன் போர்ட் கறுத்திருக்கும், அங்கிருந்து கேபிள் வழியே கணினியின் போர்ட் வரை போயிருக்கும். மற்றவர்கள் வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றுவார்கள். சேர்வர் வைத்தவர் கழற்றமாட்டார். 24 மணித்தியாலமும் ஓட வேண்டுமாம். ஃபைபரில் கம்பி வழியாக இடி வராது, சரி. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது ரௌட்டருக்கு யூபிஎஸ் வாங்கியவர்கள் நெட் தரும் போன் கோபுரத்தின் பெட்டரி இறங்கியதும் என்ன செய்தார்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வினாத்தாள், நேர அட்டவணை, அறிவித்தல் மட்டும்தான் என்றால் உங்களுக்குச் சேர்வரே தேவையில்லை. வெப் பக்கங்களை இலவசமாக வைத்துத்தரும் கிட்ஹப் பேஜஸில் ஒரு ஜிபி வரை சும்மா வைக்கலாம். முடியாவிட்டால் கூகுள் டிரைவ் லிங்க் ஒன்றை வட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இல்லை, வீட்டில் ஓட்டித்தான் பழக வேண்டும் என்கிற தம்பி தங்கைகளே, பழகுங்கள், நானும் அப்படித்தான் பழகினேன். ஆனால் அப்பா கணக்குப் பார்க்கும் கணினியில் வேண்டாம். தனி லெப்டொப், முடிந்தால் ரௌட்டரின் கெஸ்ட் நெட்வேர்க்கில். போர்ட் திறக்காமல், கிளவுட்ஃபிளேர் கம்பனி வழியாக உங்கள் சைட்டை வெளியே காட்டும் கிளவுட்ஃபிளேர் டனல் போடுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் ஃபோர்ஜி ரௌட்டரில்கூட வேலை செய்யும். (ரௌட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்கினால் ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடும் போர்ட் ஃபோவர்டிங்கோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன.) டனல் போட்டுவிட்டோம் என்று ஓட்டை உள்ள நிரலை ஓடவிடவும் வேண்டாம். டிஎம்ஸெட்டை மூடுங்கள். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை மூடுங்கள். ரௌட்டர் அட்மின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட வேண்டுமென்றால் வயர்கார்ட் என்ற விபிஎன், அதாவது சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனிப் பாதை, இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டொப்பை ஊருக்குத் திறக்காதீர்கள். பேக்கப் எடுத்த ஹார்ட்டிஸ்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கழற்றி.

மாணவர்களின் விபரம் மட்டும் வேண்டவே வேண்டாம். சேரின் வெப் ஃபோல்டரில் புள்ளிப் பட்டியல் ஒன்று கிடந்தது, பெற்றோரின் போன் நம்பர்களோடு. அது வெளியே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டேன். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு யாராவது அந்த நம்பருக்கு எடுத்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால்?

கப்பம் கட்ட வேண்டாம் என்றேன். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு முறைப்பாடு எழுதிக்கொடுத்தேன். யூரோபோல் முதலானவர்கள் நடத்தும் நோ மோர் ரான்ஸம் தளத்தில் இலவசச் சாவி இருக்கிறதா என்றும் தேடினேன். இந்த வாலுக்கு இல்லை. டிஸ்கைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன், என்றைக்காவது சாவி வெளிவரலாம்.

பஜாரில் அவர் வழக்கமாகப் போட்டோகொப்பி எடுக்கும் கடையின் ஈமெயிலில் கடைசி மூன்று வருடத்து வினாத்தாள்கள் அப்படியே இருந்தன. மீதியைப் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். நோர்வூட், கொட்டகலைப் பக்கம் யாரிடமாவது 2017ஆம் ஆண்டின் தரம் 10 கேத்திரகணிதத் தாள் கிடந்தால், மடங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.