வேர்க்கவே இல்லையே, டாக்டர்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். வயது 72. உடல் சூடு 41.6 டிகிரி செல்சியஸ். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை யார் மேலும் நிலைக்கவில்லை. ஊசி குத்த வந்த நர்ஸின் கையைத் தள்ளிவிட்டு, "பஸ் வந்துடுச்சா, பஸ் வந்துடுச்சா" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வந்துடும்ப்பா, கொஞ்சம் படுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

மகன் வாசலில் நின்று திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "அப்பாவுக்கு வேர்க்கவே இல்லையே, டாக்டர். வேர்க்கலைன்னதும் அவ்வளவு சூடு இல்லைன்னு நினைச்சுட்டோம்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தெற்கு நெவாடாவில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். பக்கத்து கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கான டெத் வேலி தேசியப் பூங்காவின் நடுப்பகுதியில் இருந்து எங்களிடம் வர சாலையில் சுமார் 2 மணி நேரம் ஆகும். பூங்காவுக்குள் மருத்துவமனை கிடையாது. கோடை வந்தால் அந்தச் சாலை வழியாக எங்களுக்கு நோயாளிகள் வருவார்கள். அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வேலை, பிள்ளைகளுக்கு ஜூலையில் லீவு, ஊரிலிருந்து 6 மாத விசாவில் அப்பா அம்மா. எல்லோரும் ஒன்றாகப் போகலாமே என்று ஒரு ஆர்.வி.யை வாடகைக்கு எடுக்கிறார்கள். வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, பாத்ரூம், ஏசி எல்லாம் உண்டு. வீட்டையே கூட எடுத்துப் போவது மாதிரிதான், பெரியவர்களுக்குச் சிரமம் இருக்காது என்று நினைக்கிறார்கள். அன்போடு போடும் திட்டம்தான். அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

அன்று நடந்ததைக் குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். மதியம் டெத் வேலியின் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஜெனரேட்டரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் தூங்க, தாத்தா ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் பரண் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் ஜெனரேட்டர் தானாக நின்றுவிட்டது. சூடாகிவிட்டது போல, ஆறட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய 2 மணி நேரம்.

ஆர்.வி. பழுது பார்க்கும் ஒரு நண்பரிடம் பிறகு இதைக் கேட்டேன். எஞ்சினும் ஜெனரேட்டரும் ஒரே டேங்க்கில் இருந்து எரிபொருள் எடுக்கும் வண்டிகளில், ஜெனரேட்டருக்குப் போகும் குழாயைக் கால் டேங்க் உயரத்திலேயே நிறுத்திவிடுவார்களாம். ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு உங்களை நடுக்காட்டில் மாட்டிவிடக் கூடாது, ஊர் போய்ச் சேர எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அதாவது அந்த வண்டியில் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. சாவியைத் திருப்பியிருந்தால் எஞ்சின் ஓடியிருக்கும், முன்பக்க ஏசி வந்திருக்கும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை, இவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கால் டேங்க் பெட்ரோலை வைத்துக்கொண்டு 2 மணி நேரம் 50 டிகிரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, வேர்வைக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் மே மாதம் பேருந்துக்கு நிற்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, கழுத்தில் வழிகிறது, கண்ணில் எரிகிறது. ஏன்? அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. வேர்வை ஆவியாக முடியாமல் தோல் மேலேயே தங்குகிறது. அப்படி வழிந்து தரையில் சொட்டும் வேர்வை உடம்பைக் குளிர்விப்பதே இல்லை. ஆனால் அது ஒரு நல்ல காரியம் செய்கிறது: "உனக்கு வேர்க்குது, நிழலுக்குப் போ, தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் சின்ன வயதிலிருந்து வெயிலை அளக்கும் கருவி அதுதான். எவ்வளவு நனைந்தோமோ அவ்வளவு வெயில்.

டெத் வேலியில் அந்தக் கருவி வேலை செய்யாது. கோடை மதியத்தில் காற்றில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வேர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். உங்கள் உடம்பு மணிக்கு 1 லிட்டர் வரை இழந்துகொண்டிருக்கலாம், சட்டை மொடமொடவென்று காய்ந்தேதான் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும். வேர்வை போனதற்கு மிஞ்சும் சாட்சி அவ்வளவுதான். அன்று அந்தப் பெரியவரின் கருநீல டி-ஷர்ட்டை நாங்கள் கத்தரித்து எடுத்தபோது, நெஞ்சில் அந்த உப்புக் கோடு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையமாக இருந்தது. மகனிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு: வேர்த்துக்கொண்டிருந்தால் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) இல்லை என்பது. அதுவும் தவறு. வேர்க்க வேர்க்கவே வெப்பத்தாக்கு வரும். தோலைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். சூட்டில் இருக்கும் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ, தள்ளாடினாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ மூளை சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது, "எங்களுக்கு வெயில் பழக்கம்தானே, வேலூர்க் கத்திரி வெயிலையே பார்த்தவங்க." வெயிலுக்கு உடம்பு பழகுவது உண்மைதான். அதற்கு 10 முதல் 14 நாள் தினமும் வெயிலில் இருக்க வேண்டும். ஏசி அறைக்குள் வந்துவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். பிறந்த ஊரில் இருந்து அதை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது. சான் ஹோசேயில் 2 மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வரும் பெரியவர், வெயிலைப் பொறுத்தவரை சான் ஹோசேக்காரர்தான். தவிர, இது வேறு வெயில். டெத் வேலிக்குள் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரியைத்தான் உலக வானிலை அமைப்பு இன்றும் உலகின் உச்ச வெப்பமாக வைத்திருக்கிறது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் 54.4 டிகிரி காட்டியது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோனி மக்கள் கோடையில் பள்ளத்தாக்கை விட்டு மலை மேலே போய்விடுவார்கள். அந்த வெயிலை அவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியுமா?

பாலைவனம்தானே, ராத்திரி குளிர்ந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு: இது கடல்மட்டத்துக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளம். அதிலேயே தாழ்வான பேட்வாட்டர் என்ற இடம் 86 மீட்டர் கீழே இருக்கிறது. சூடான காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2012 ஜூலை 12 அன்று அந்தப் பள்ளத்தாக்கில் பதிவான குறைந்தபட்ச வெப்பமே 41.7 டிகிரி. குறைந்தபட்சம்!

ஜன்னலைத் திறப்பதும் அப்படித்தான். காற்றின் சூடு நம் தோலின் சூடான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வெறும் காற்று உடம்புக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பாட்டி 2 மணி நேரம் செய்தித்தாளால் கணவருக்கு விசிறியிருக்கிறார். கை வலிக்க வலிக்க விசிறியிருக்கிறார். அதே அம்மா ஒரு துண்டை நனைத்து அவர் உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டே விசிறியிருந்தால் கதையே வேறு. வண்டியின் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வறண்ட காற்றில் ஆவியாகும்போது அது குளிர்விக்கும்.

அப்புறம் மாத்திரை. பாராசிட்டமால் கொடுத்தார்களா என்று நான் கேட்பதற்கு முன்பே, "ரெண்டு கொடுத்தோம்" என்றார் மருமகள். காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, அதை மாத்திரை இறக்கும். வெப்பத்தாக்கில் சூடு வெளியிலிருந்து வருகிறது. மாத்திரை ஒரு டிகிரி கூடக் குறைக்காது. ஏற்கெனவே சூட்டில் நொந்திருக்கும் ஈரலுக்கு இன்னொரு சுமைதான்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வண்டியில் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஆனால் டாய்லெட் தொட்டி நிறைந்துவிடும், பிறகு மகன்தான் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும், அவனுக்கு எதற்கு அந்த வேலை என்று தாத்தாவும் பாட்டியும் காலையிலிருந்து ஆளுக்கு ஒரு தம்ளர் கூடச் சரியாகக் குடிக்கவில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் நம் அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்களே, அந்தப் பழக்கம். பிள்ளைகளே, நீங்கள் கேட்டால் "குடிச்சேன்ப்பா" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வையுங்கள். அந்தப் பூங்காவில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. வெறும் தண்ணீராக மட்டும் ஊற்றாதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கி அதிலும் மயக்கம் வரும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, ஊரிலிருந்து கொண்டுவரும் ஓ.ஆர்.எஸ். பொடி, ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

கிளம்பும் முன் பெரியவர்களின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை, அது சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் சில புது நீரிழிவு மாத்திரைகள். எல்லாமே வெயிலைத் தாங்கும் சக்தியை ஏதோ ஒரு வழியில் குறைப்பவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினை ஆர்.வி. பிரிட்ஜை நம்பி விடாதீர்கள். கேஸில் ஓடும் பிரிட்ஜ் அந்தச் சூட்டில் திணறும். ஐஸ் பெட்டியில் தனியாக வையுங்கள், ஐஸ்கட்டி மேலே நேராகப் படாமல்.

கோடையில் போயே ஆக வேண்டுமென்றால், பள்ளத்துக்குள் ராத்திரி தங்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள், வாடகை நிறுவனங்கள் பல கோடை மாதங்களில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோகவே அனுமதிப்பதில்லை. மேற்குப் பக்கம் டவுன் பாஸ் என்ற கணவாய் ஏறும்போது, எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லி சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள். சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். வயதானவர்களை வைத்துக்கொண்டு அதை மதியத்தில் ஏறலாமா? விடியற்காலையில் ஏறிவிடுங்கள். 25 அடிக்கு மேல் நீளமான வண்டி ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற சாலைக்குள் போகக் கூடாது. குழந்தைகளைச் செருப்பில்லாமல் இறக்காதீர்கள், 1972இல் அங்கே தரையின் சூடு 94 டிகிரி இருந்தது. 2024 ஜூலையில் மணல்மேட்டில் செருப்பை இழந்த ஒரு பெல்ஜியச் சுற்றுலாப் பயணிக்குப் பாதம் வெந்தே போனது. வெப்பக் காற்று ஹெலிகாப்டரைத் தாங்காது என்பதால் அது கீழே இறங்க முடியவில்லை, அவரை மேட்டுப் பகுதிக்குச் சாலையில் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். ஆகவே ஹெலிகாப்டர் வரும் என்ற நம்பிக்கையில் எதையும் செய்யாதீர்கள்.

பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். யாராவது உளற ஆரம்பித்தால், வண்டி ஓடும் நிலையில் இருந்தால் உடனே எஞ்சினைப் போட்டு, ஏசியை முழுதாக வைத்து, ஆடையைக் களைந்து, நனைத்து, விசிறிக்கொண்டே, ஆட்கள் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக் அல்லது ஸ்டவ்பைப் வெல்ஸ் நோக்கி ஓட்டுங்கள். சிக்னல் கிடைத்த இடத்தில் 911. ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். உளறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

அந்தப் பெரியவர் 11 நாள் எங்களிடம் இருந்தார். சிறுநீரகம் தேறிவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறுகிறது, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளை சூட்டை அவ்வளவாகத் தாங்காது. இன்னும் எவ்வளவு தேறும் என்று மகன் கேட்டபோது என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் என் அம்மாவும் ஒரு ஜனவரியில் போயிருந்தோம். பகலில் 19 டிகிரி. வண்டிக்குள்ளேயே இட்லி ஊற்றிச் சாப்பிட்டோம். விடியும் முன் ஜாப்ரிஸ்கி பாயிண்டில் அம்மா ஸ்வெட்டரும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு, அந்த மஞ்சள் மலை மடிப்புகளில் வெளிச்சம் ஏறுவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அப்பா அம்மாவுக்கும் அதைக் காட்டுங்கள். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது ஏப்ரலுக்கு எடுக்காமல் அக்டோபருக்கு எடுங்கள். தீபாவளி, பொங்கல் இரண்டையும் உங்களோடு கொண்டாடிவிட்டு ஊர் திரும்பட்டும்.