மார்ஃபின் யாருக்கு, நடை யாருக்கு?

ஒரு வாசகியின் கேள்வி: "மாமனாருக்கு புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆறு வருடமாக இடுப்புவலி. எனக்கு மட்டும் அது வேண்டாம், நடங்கள் என்கிறார்கள். வலி என்றால் வலிதானே?"

கோபம் நியாயமானது. ஆனாலும் இரண்டு சீட்டுமே சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஏன் என்று புரிய, தண்டுவடத்துக்குள் இருக்கும் ஒரு மெக்னீசிய அயனியைத் தேடிப் போக வேண்டும்.

கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்', பிறகு சாவகாசமாக ஒரு 'விண்விண்'. சுரீரைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். விண்விண்ணைச் சுமப்பவை சி இழைகள். நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது, நம் நடைவேகம்தான். இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதிக்கு வந்து, அங்கே காத்திருக்கும் இரண்டாவது நரம்பு செல்லிடம் செய்தியைக் கைமாற்றிவிடும். இதுவரை பள்ளிப் பாடம்.

கைமாற்றும் வேதிப்பொருள் குளுட்டமேட். அதைப் பெற இரண்டாவது செல்லின் சுவரில் இரண்டு வகைக் கதவுகள் உண்டு. ஒன்று, குளுட்டமேட் பட்டதும் திறந்து மூடும் சாதாரணக் கதவு. மற்றது என்எம்டிஏ ஏற்பி. குளுட்டமேட் பட்டால் இதுவும் திறக்கும், ஆனால் எதுவும் உள்ளே போகாது. துளைக்குள் மெக்னீசிய அயனி ஒன்று தக்கை போல உட்கார்ந்திருக்கும். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னேற்றம் கொண்டது. மெக்னீசியமோ நேர்மின் அயனி. உள்ளேயிருந்து இழுக்கும் மின்சாரமே அதைத் துளையில் செருகி வைத்திருக்கிறது. 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. வலிமாத்திரை செய்வதற்காக யாரும் இதைத் தேடவில்லை. வளர்ப்புத் தட்டில் இருந்த சுண்டெலி நரம்பு செல்களில் ஒரு விசித்திர மின்னோட்டத்தைத் துரத்திப் போனார்கள். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சி நிதியை வெட்டுபவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

தக்கை எப்போது கழலும்? சி இழை, குளுட்டமேட்டோடு 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளையும் கொட்டும். குளுட்டமேட்டின் தட்டு மில்லிநொடிகளில் ஓய்ந்துவிடும். சப்ஸ்டன்ஸ் பி எழுப்பும் மின்மாற்றம் பல நொடிகள் நீடிக்கும். நொடிக்கொரு தரம் செய்தி வந்தால், முந்தையது அடங்கும் முன்பே அடுத்தது அதன் தோளில் ஏறிக்கொள்ளும். படிப்படியாக உட்புறத்தின் எதிர்மின்னேற்றம் குறைய, இழுப்புத் தளர்ந்து தக்கை வெளியே நழுவுகிறது. திறந்த துளை வழியே கால்சியம் பாய்கிறது. விளைவு, ஒவ்வொரு தட்டும் அதே அளவுதான் என்றாலும் செல்லின் பதில் ஒவ்வொரு தட்டுக்கும் பெரிதாகும். லோர்ன் மெண்டெல் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1960களில் இந்த ஏற்றத்தைப் பதிவு செய்தார். காரணம் பின்னால்தான் தெரிந்தது.

உள்ளே போன கால்சியம் சும்மா இருப்பதில்லை. சில நொதிகளை எழுப்பி, என்எம்டிஏ ஏற்பியையே மாற்றி, தக்கையின் பிடியைத் தளர்த்துகிறது; சாதாரணக் கதவுகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. மூளை பாடத்தை மனப்பாடம் செய்வது ஏறக்குறைய இதே தந்திரத்தால்தான். தண்டுவடம் வலியை மனப்பாடம் செய்துவிடுகிறது! 1983இல் கிளிஃபர்ட் ஊல்ஃப் என்ற வலி ஆய்வாளர் காட்டியது இந்த நிலையைத்தான். இதற்குப் பிறகு தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த இழைகளின் செய்திகூட வலிச் செல்லைத் தட்டி எழுப்பும். குனிந்து செருப்பைப் போட்டாலே உயிர் போகும்.

நாட்பட்ட இடுப்புவலியில், அதாவது மூன்று மாதம் தாண்டியதில், பலருக்கு நடப்பது இது. முதலில் புண்பட்ட தசையோ மூட்டோ ஆறியிருக்கலாம். தண்டுவடத்தில் வலியைப் பெரிதாக்கும் அந்தப் பெருக்கி மட்டும் அணையவில்லை. ஸ்கேனில் "ஜவ்வு விலகியிருக்கு" என்று வந்ததே என்பீர்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரை மாதிரிதான்.

மார்ஃபின் எங்கே வேலை செய்கிறது என்று இப்போது பார்க்கலாம். சி இழையின் நுனியில் உள்ள ஏற்பியில் அமர்ந்து, அது குளுட்டமேட்டைக் கொட்டாமல் தடுக்கிறது. தடித்த தொடு இழைகளின் நுனியில் அந்த ஏற்பி அநேகமாக இல்லை. ஆக, வலி அந்த வழியாக வரத் தொடங்கிய பின் மார்ஃபினுக்குப் பிடி கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் கொடுத்தால் அதுவே என்எம்டிஏ தக்கையைத் தளர்த்தக்கூடும். அளவு ஏற ஏற வலியும் ஏறும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாட்பட்ட முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலி உள்ள 240 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மார்ஃபின் இன மருந்துகளும், மறு பாதிக்குச் சாதாரண வலிமருந்துகளும் ஓராண்டு கொடுத்தார்கள். அன்றாட நடமாட்டத்தில் வித்தியாசமில்லை. வலி, மார்ஃபின் இன மருந்து எடுத்தவர்களுக்கே சற்று அதிகம்.

மாமனார் கதை வேறு. எலும்பில் குடியேறிய புற்று செல்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்ட, அவை அமிலம் கக்க, அது சி இழைகளை ஓயாமல் சுடுகிறது. நெருப்பு உயிரோடு இருக்கிறது; செய்தி மார்ஃபினுக்குப் பிடிகொடுக்கும் இழையிலேயே வருகிறது. நெருப்பையும் குறைக்கலாம்: வலிக்கும் எலும்புக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பலருக்குப் போதும். பலன் தெரிய சில வாரம் ஆகும், அதுவரை மருந்து வேண்டும்.

கடிகாரம் பார்த்துக் கொடுப்பதன் சூட்சுமமும் தக்கையில் இருக்கிறது. எலிகளில், சி இழை கொதிக்கும் முன் கொடுத்தால் போதுமான மார்ஃபின், கொதித்த பின் அடக்கத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு குறைவு. "வலிக்கும்போது போட்டுக்கலாம்" என்று பல்லைக் கடிப்பவர்கள் கடைசியில் அதிகம் விழுங்க நேரலாம். உடனே கரையும் மாத்திரை என்றால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. மருத்துவர் வேளைக்கு 10 மி.கி. எழுதியிருந்தால் இரவு 10 மணிக்கு 20 கொடுக்கச் சொல்வார்; நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். நாள் மொத்தம் 60. இடையில் வலி பீறிட்டால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10. அப்படி ஒரே நாளில் மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள், தொலைபேசியில் சொல்லுங்கள்.

குமட்டல் ஒரு வாரத்திலும் தூக்கம் சில நாளிலும் அடங்கும். மலச்சிக்கல் அடங்கவே அடங்காது. முதல் நாளே பிசகோடில் மாதிரி மலமிளக்கி தொடங்காத சீட்டு அரைகுறைச் சீட்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மார்ஃபினின் கழிவுப்பொருள் தேங்கும். கைகால் வெட்டி இழுப்பதும் பிதற்றுவதும் அதன் அடையாளம். எழுப்பினாலும் எழாத தூக்கமும் நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சும் அவசரநிலை.

"மார்ஃபின் ஆரம்பிச்சுட்டாங்கன்னா முடிஞ்சுது" என்பது மூடநம்பிக்கை. நோய் முற்றும் வரை கொடுக்காமல் வைத்திருப்பதால் வந்த பெயர் அது. நீமச்சிலும் காசிப்பூரிலும் மார்ஃபினின் மூலப்பொருளான அபினிக்கு அரசே ஆலை நடத்தும் நாடு இது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் இந்த மலிவான மாத்திரையை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014 திருத்தம் உரிமங்களை எளிதாக்கிய பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு.

இனி உங்கள் இடுப்பு. மூன்று நாள், வலி ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்று குறியுங்கள். 12, 8, 10 என்றால் சராசரி 10. அதில் 80 சதவீதம், 8 நிமிடம். தினமும் அந்த 8 நிமிடம்தான், வலி குறைந்த நாளிலும் கூடிய நாளிலும். வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது நல்ல நாளில்தான்: வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டு மூன்று நாள் படுக்கை. அந்த ஒரு நாள் வெள்ளம் தக்கையை மறுபடி பிடுங்கிவிடும். அளவான நடையோ, மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புகளை வலுவாக்குகிறது. மனச்சோர்வுக்கும் கொடுக்கும் டுலாக்செடின் மாத்திரை தூண்டுவதும் அவற்றைத்தான். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டாதீர்கள். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போட்ட வெந்நீர் இதமாக இருக்கும். ஆனால் அந்த மெக்னீசியம் தக்கையாகப் போய் உட்காராது. ரத்தத்தில் ஏற்கெனவே போதுமானது இருக்கிறது, சிக்கல் மின்னழுத்தத்தில்.

நடைக்கும் விதிவிலக்கு உண்டு. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது இருந்தால் நடையை விட்டு மருத்துவரிடம் போங்கள். கடைசி இரண்டுக்கும் அன்றே. மாமனாருக்குப் புதிதாக முதுகில் வலி கிளம்பி, கால்கள் தொய்ந்தால் மார்ஃபினைக் கூட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கட்டி தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். டெக்சாமெதசோனும் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) எம்ஆர்ஐயும் கதிர்வீச்சும் மணிக்கணக்கில் நடக்க வேண்டியவை. நடந்து வருபவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுதாக விழுந்தபின் வருபவர்களில் எழுந்து நடப்பவர்கள் சிலரே.